பங்குனி விலை, ஆடி விலை

என் கையெழுத்து அழகாக இருக்கும். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் தேறியதே அம்மன் புண்ணியம்; ஆனால் கரும்பலகையில் தேதி எழுத ஐந்து வருஷமும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அந்தக் கையெழுத்துதான் எனக்குப் பெரம்பலூரில் வேலை வாங்கிக் கொடுத்தது. அதே கையெழுத்துதான் ஒரு ஆடி மாதத்தில் எங்கள் தெருவையே ஏமாற்றியது.

எண்பதுகளின் தொடக்கம். பெரம்பலூர் அப்போது திருச்சி ஜில்லாவில் இருந்தது. எங்கள் ஊருக்குப் போக, அரியலூர் பஸ்ஸில் ஏறிக் குன்னம் தாண்டி இறங்கி, ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு மைல் நடக்க வேண்டும். எங்கள் தெரு முழுக்க அடுத்தவர் காட்டில் வேலை பார்க்கிறவர்கள். வெங்காயம் அறுப்பது, பருத்தி எடுப்பது, களை வெட்டுவது. அப்பா அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஃபாக்டரியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஒரு தடவை வருவார். அந்தத் தெருவிலிருந்து ஒருத்தி டவுனுக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, பேனா பிடித்துச் சம்பளம் வாங்கினாள் என்றால் அது நான்தான். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்துவிட்டால் ராணி மாதிரி உட்கார்ந்துகொள்வேன்.

வேலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில். விலைச் சீட்டு எழுதுவதுதான் என் வேலை. கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு அறை. முதலாளி ஒரு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசிப்பார். பங்குனியில் புதுச் சரக்கு வந்தபோது, "நாப்பத்தியொன்னு, எம்பத்தியேழு" என்று வாசித்தார். நாற்பத்தொன்று என்பது துணிக் கட்டின் எண், எண்பத்தேழு விலை. நான் சதுரமாக வெட்டிய அட்டையில் கட்டு எண்ணைச் சின்னதாக மூலையிலும், விலையைப் பெரிதாக நடுவிலும் எழுதுவேன். எழுதிய சீட்டுகளைச் சேலைகளில் நூல் கோத்துக் கட்டுவது கடையில் பத்து வருஷமாக இருந்த ஒரு அண்ணன். அவர் கட்டுவது முன்னால், நான் எழுதுவது பின்னால். எந்தச் சீட்டு எந்தச் சேலைக்குப் போகிறது என்று நான் பார்த்ததில்லை. ஏழு எழுதும்போது நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவேன். எங்கள் டீச்சர் அப்படிப் போடுவார். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. பெரம்பலூரிலேயே ஏழுக்கு இடுப்புப்பட்டை கட்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆனி கடைசியில் முதலாளி கடையை இரண்டு நாள் சாத்தினார். பழைய சீட்டையெல்லாம் அவிழ்த்துவிட்டுப் புதுச் சீட்டு கட்ட வேண்டும் என்றார். இந்தத் தடவை எனக்குச் சிவப்பு மைப் பேனா ஒன்றும் புதிதாகக் கிடைத்தது.

"நாப்பத்தியொன்னு. நூத்தி எம்பது எழுது. அதும்மேல செவப்புல ஒரு கோடு போடு. கீழ தொண்ணூறு."

எனக்குப் புல்லரித்துவிட்டது. நூற்றெண்பது ரூபாய்ச் சேலை தொண்ணூறுக்கா? பக்கத்துக் கட்டும் அப்படித்தான், அதற்கு அடுத்ததும் அப்படித்தான். எல்லாம் சரிபாதி.

"இவ்வளவு கொறைச்சா கட்டுப்படியாகுங்களா மொதலாளி?"

"ஜனங்க நல்லா இருக்கட்டும்மா. வருசத்துல ஒரு மாசம்தான்."

அந்த மனுஷரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது எனக்கு. இரண்டு நாளும் கை வலிக்க வலிக்க எழுதினேன். ஒவ்வொரு சிவப்புக் கோட்டையும் ஸ்கேல் வைத்துப் போட்டேன். யாருக்கோ தொண்ணூறு ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறோம் என்ற சந்தோஷத்தோடு போட்டேன். கடைசியில் கல்லாவுக்கு மேலே மாட்ட ஒரு போர்டும் எழுதச் சொன்னார். வாங்கிய துணியை ஏழு நாட்களுக்குள் பில்லுடன் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். மஞ்சள் பட்ட துணி, துவைத்த துணி மட்டும் எடுக்கப்பட மாட்டாது. அதையும் முத்து முத்தாக எழுதினேன். இப்படி ஒரு நேர்மையான கடை இந்த ஜில்லாவில் உண்டா என்று எனக்கு ஒரே பெருமை.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிட வேண்டும். அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அரியலூர்ப் பக்கம். அந்த வீட்டில் நகை நட்டு என்று எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஒரு பித்தளை அண்டா மட்டும் நல்லதா, பெருசா குடுத்துருங்க. எங்க ஊர்ல தண்ணிக்குத் தூரம் போவணும். புடிச்சு வச்சுக்க அண்டா இல்லாம அந்தப் புள்ளதான் கஷ்டப்படும்." அதற்காகவே ஒரு பொங்கலிலிருந்து அடுத்த பொங்கல் வரைக்கும் அம்மா வெங்காய அறுப்புக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்திருந்தாள். அக்கா அந்த அண்டாவைக் கண்ணால் பார்க்காமலே அதன் மேல் ஆசை வைத்துவிட்டாள். தண்ணீர் எடுத்து வரும்போதெல்லாம், "நம்ம அண்டா எத்தன கொடம் புடிக்கும்னு நெனைக்கிற?" என்று என்னிடம் கேட்பாள்.

ஆடி பிறந்ததும் மைக் கட்டிய ஜீப் ஒன்று ஊர் ஊராகப் போனது. மஞ்சள் நோட்டீஸ் பறந்து வந்து எங்கள் தெருவில் விழுந்தது. "பாதி விலை" என்று கொட்டை எழுத்து. தெருப் பெண்கள் நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வந்தார்கள்.

"இது நெசந்தானா?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டார். எங்கள் தெருவில் எந்த விஷயமும் அவர் தலையாட்டினால்தான் நகரும்.

"நெசமாவா? நூத்தி எம்பதுன்னு எழுதி, கோடு போட்டு, தொண்ணூறுன்னு எழுதுனதே நான்தான். என் கையால எழுதுனேன் அத்த."

அதற்குமேல் யாருக்குச் சாட்சி வேண்டும்? ஆடியில் கல்யாணத் துணி எடுக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. பாதி விலை என்றதும் வழக்கம் ஒதுங்கி வழிவிட்டது. "எடுக்கிறதுதான ஆடியில. கட்டுறது ஆவணியில" என்று அம்மா அங்கேயே ஒரு சட்டம் போட்டாள்.

புதன்கிழமை பதினோரு பெண்கள், அம்மா, அக்கா, நான் என்று ஒரே பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர், "கல்யாணம் பொண்ணுக்கா, பஸ்ஸுக்கா?" என்றார். அன்றைக்கு நான் நடந்த நடையை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. கடைக்குள் நுழைந்ததும், "அண்ணே, நம்ம ஊர்க்காரங்க, நல்லதா காட்டுங்க" என்று உத்தரவு போட்டேன். சேலைகள் விரிந்தன. ஒவ்வொருத்தரும் சீட்டைத் திருப்பிப் பார்த்து, சிவப்புக் கோட்டைத் தடவிப் பார்த்து, "இது நீ எழுதுனதா? இதுவும் நீ எழுதுனதா?" என்று கேட்டார்கள். படிக்கத் தெரியாத ஒருவர், கோடு போட்ட எண்ணைக் காட்டி, "இம்புட்டு வெலயா இருந்துச்சு இது?" என்று வாயைப் பிளந்தார். ஒரு சேலை எடுக்க வந்தவர்கள் இரண்டு எடுத்தார்கள். பொங்கலுக்கும் சேர்த்து எடுத்தார்கள். நாத்தனாருக்கும் சேர்த்து எடுத்தார்கள்.

அக்காவின் கல்யாணச் சேலை அரக்கு நிறம், மாம்பழக் கரை, செயற்கைப் பட்டு. கட்டு எண் நாற்பத்தொன்று. நூற்றெண்பது, கோடு, தொண்ணூறு. அம்மா அதை எடுத்த பிறகும் நிறுத்தவில்லை. சம்பந்தி அம்மாளுக்கு ஒன்று, அக்கா மறுவீடு போக ஒன்று, எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று. ஐந்து சேலை ஆகிவிட்டது. அண்டாவுக்கு வைத்திருந்த பணம் அதில் கரைந்தது.

"அண்டாவுக்கு?" என்று அக்கா மெல்லக் கேட்டாள்.

"அண்டா பாதி வெலைக்குக் கெடைக்குமாடி? இது இப்ப விட்டா கெடைக்காது. அண்டாவ அப்பாகிட்டச் சொல்லிப் பாத்துக்கலாம்."

அக்கா தலையை ஆட்டினாள். அப்பாவிடம் சொல்லிப் பார்த்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். பஸ்ஸில் அரக்குச் சேலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கோ கால் தரையில் இல்லை. பதினோரு வீட்டுக்குப் பாதி விலையில் துணி வாங்கிக் கொடுத்தவள் அல்லவா நான்.

புதுத் துணிக்கு மஞ்சள் வைக்காமல் எங்கள் பக்கம் யாரும் கட்ட மாட்டார்கள். ஒரு ஓரத்தில் மஞ்சளைக் குழைத்து ஒரு பொட்டு வைத்துவிட்டால்தான் துணி நம்முடையது ஆகும். அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள். அதனால் எல்லாத் துணியையும் அம்மன் காலடியில் வைத்து, உச்சி வேளையில் கூழ் ஊற்றும்போது மஞ்சள் வைத்துவிடலாம் என்று எதிர்வீட்டு அத்தை முடிவு சொல்லிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஆடி வெள்ளி, கடையில் கூட்டம் தாங்காது. சீட்டு எழுதுகிறவளும் முன்னால் வந்து சேலை எடுத்துக் காட்ட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாக முன்பக்கம் வேலைக்கு நின்றேன். ஒன்பதரை மணி இருக்கும். ஒரு அம்மாள், அக்கா எடுத்த அதே அரக்குச் சேலை இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். நாற்பத்தொன்றாம் கட்டைத் தேடி எடுத்து, கடைசிச் சேலையை உதறி விரித்தேன். முந்தானை மடிப்புக்குள்ளிருந்து ஒரு அட்டைத் துண்டு கீழே விழுந்தது.

ஆனியில் அவிழ்க்கும்போது விட்டுப்போன பழைய சீட்டு. மூலையில் நாற்பத்தொன்று. நடுவில் எண்பத்தேழு. ஏழுக்கு இடுப்பில் குறுக்குக் கோடு.

நானே பங்குனியில் எழுதிய சீட்டு. ஒரு கையில் அதையும், மறு கையில் சேலையில் தொங்கிய ஆடிச் சீட்டையும் பிடித்துக்கொண்டு நின்றேன். பங்குனியில் எண்பத்தேழு. ஆடியில் பாதி விலை தொண்ணூறு. அந்த நூற்றெண்பது எங்கேயும் இருந்ததில்லை. நான் எழுதியதனால் மட்டும் அது இருந்தது. கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவளுக்கே இந்தக் கணக்குப் புரிந்துவிட்டது. எங்கள் தெரு ஆட்கள் பாதி விலைக்கு வாங்கவில்லை. முழு விலைக்கு மேலே மூன்று ரூபாய் போட்டு, தேவைக்கு இரண்டு மடங்கு வாங்கியிருக்கிறார்கள். என் பேச்சைக் கேட்டு.

முதலில் வந்தது கோபம்தான். அழுகையெல்லாம் பிறகு வந்தது. சீட்டைக் கட்டுகிற அண்ணனை ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"இது என்னண்ணே?"

அவர் சீட்டைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். "எல்லா ஊர்லயும் இப்புடித்தாம்மா. கூட்டம் நிக்குது பாரு, சேலய எடு."

"எங்க ஊருக்காரங்க எடுத்தத திருப்பிக் குடுத்தா வாங்கிக்குவாரா?"

"நீதான போர்டு எழுதுன. மஞ்ச வைக்கலன்னா வாங்கித்தான் ஆவணும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "ஆனா மஞ்ச வைக்காம எவ இருப்பா? அது தெரிஞ்சுதான அப்புடி எழுதச் சொன்னாரு."

என் கண் கடிகாரத்துக்குப் போனது. பத்தாக இருபது நிமிஷம். உச்சி வேளையில் மஞ்சள் வைத்துவிடுவார்கள். யாரிடமும் சொல்லவில்லை. ஆடிச் சீட்டை நூலோடு அறுத்து எடுத்து, இரண்டு சீட்டையும் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு ஓடினேன். பஸ் ஸ்டாண்டை அடைந்த பிறகுதான் கவனித்தேன், செருப்பு கடை வாசலிலேயே கிடக்கிறது.

அரியலூர் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஏறிவிட்டேன். அதற்கப்புறம் அந்த பஸ் என்னைப் படுத்திய பாடு! கை காட்டிய இடத்திலெல்லாம் நின்றது. வெங்காய மூட்டை ஏற்றுவதற்கு நின்றது. ஒரு ஆட்டுக்குட்டியோடு ஒருவர் ஏற, அதற்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று ஒரு பஞ்சாயத்து நடந்தது. குன்னத்தில் டிரைவர் இறங்கிப் போய் டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார். நான் பொறுக்கமுடியாமல் டீக்கடைக்கே போய்விட்டேன்.

"அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் வண்டிய எடுங்க."

"என்னம்மா, வூட்டுல யாருக்காச்சும் ஒடம்பு முடியலையா?"

"மஞ்ச வைக்கப் போறாங்கண்ணே."

"ஒனக்கா? நல்ல விசயந்தான, அதுக்கு ஏன் அழுவுற?" என்றார் டிரைவர். டீக்கடையே சிரித்தது. நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. என்ன நினைத்தாரோ, பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அதற்கப்புறம் எங்கள் ஊர் ரோடு வரைக்கும் வண்டி எங்கும் நிற்கவில்லை. கை காட்டியவர்கள் திட்டியது பின்னால் கேட்டது.

இறங்கியதும் ஓடினேன். இரண்டு மைல். வெயிலில் கரிசல் மண் காலைச் சுட்டது. பருத்திக்காட்டு வரப்பில் குறுக்கே விழுந்தேன். முள் குத்தியதைப் பிடுங்கக்கூட நிற்கவில்லை. பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு வயசுப்பெண் இப்படி ஓடுவதைக் காட்டில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தூரத்தில் உடுக்கைச் சத்தம் கேட்டது. பூசாரி உடுக்கை அடித்தால் பூஜை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: என் வாழ்க்கையில் அவ்வளவு உயிரோடு நான் என்றைக்கும் ஓடியதில்லை. பயமும் ஆத்திரமும் சேர்ந்து என்னைத் தூக்கிக்கொண்டு போயின.

வேப்பமரத்தடியில் கூட்டம். கூழ்ப்பானை கொதித்துக்கொண்டிருக்கிறது. அம்மன் முன்னால் பெரிய மூங்கில் தட்டில் சேலைகள், பில்லோடு, மடிப்புக் கலையாமல். கல்யாணப் பெண்ணின் சேலைதான் எல்லாவற்றுக்கும் மேலே. அம்மாவின் கையில் மஞ்சள் கிண்ணம்.

"மஞ்ச வைக்காதீங்க. யாரும் வைக்காதீங்க" என்று கத்தினேன்.

உடுக்கை நின்றது. அம்மாவின் விரல் அதற்கு முன்பே அரக்குச் சேலையின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. பளிச்சென்று ஒரு மஞ்சள் பொட்டு.

அம்மன் முன்னால், கல்யாணச் சேலைக்கு மஞ்சள் வைக்கிற நேரத்தில், வேண்டாம் என்று ஒருத்தி கத்துவது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவின் முகம் செத்துப்போனது. "என்னடி சொன்ன?" என்றாள். அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. பூசாரி என்னைக் கோயிலைவிட்டு வெளியே போகச் சொன்னார்.

நான் போகவில்லை. மூச்சு வாங்க வாங்க இரண்டு சீட்டையும் எடுத்துக் காட்டினேன். பங்குனி விலை இது, ஆடி விலை இது, நடுவில் கோடு போட்ட விலை பொய். மஞ்சள் வைத்துவிட்டால் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். சேலை எடுக்கும்போது வாயைப் பிளந்தவர்தான் கேட்டார்.

"ஏன் புள்ள, அதுவும் நீ எழுதுனதுதான?"

"ஆமா."

"நாங்க ஒன்ன நம்பித்தான எடுத்தோம்?"

"ஆமா. நான் எழுதுனதுதான். நானும் நம்பித்தான் எழுதுனேன். ஆனா எழுதுனது நான்தான்."

எதிர்வீட்டு அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். ரத்தம் வடிந்த காலைப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையிலிருந்து மஞ்சள் கிண்ணத்தை வாங்கி, அம்மன் காலடியில் வைத்து, ஒரு வேப்பிலைக் கொத்தால் மூடினார்.

"ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. அவளுக்கும் கள்ளத்துணி வேணாம்" என்றார். "நீ மொதல்ல கூழக் குடி. ரெண்டு மணிக்குத்தான் பஸ்ஸு."

இரண்டு மணி பஸ்ஸில் பதினோரு பெண்களும் ஏறினார்கள். அம்மா வரவில்லை. எங்கள் வீட்டுச் சேலைகளைத் தூக்கிக்கொண்டு அக்கா வந்தாள். மஞ்சள் பட்ட கல்யாணச் சேலையைத் தவிர மற்ற நான்கு. புதன்கிழமை சிரித்துக்கொண்டு வந்த அதே கூட்டம், இப்போது மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகிற படை மாதிரி உட்கார்ந்திருந்தது. கண்டக்டர் எதுவும் கேட்கவில்லை.

கடையில் நிற்க இடமில்லை. நாங்கள் பன்னிரண்டு மூட்டைகளையும் கல்லாவுக்கு முன்னால் வைத்தோம். முதலாளி முதலில் சிரித்தார். எல்லாருக்கும் கலர் வாங்கி வரச் சொன்னார். யாரும் குடிக்கவில்லை. பிறகு ஒவ்வொரு சேலையாக எடுத்து நான்கு ஓரத்தையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டு மஞ்சள் கிடைக்கவில்லை. அவர் முகம் மாற மாற எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. அதை மறைக்க நான் முயற்சிகூடச் செய்யவில்லை.

"எதுக்காக இப்ப திருப்பிக் குடுக்கிறீங்க?" என்றார்.

நான் இரண்டு சீட்டையும் கல்லாமேல் வைத்தேன். அவர் அவற்றை எடுத்து, சுற்றி நின்றவர்கள் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினார்.

"ரெண்டும் யாரு கையெழுத்து? இந்தப் பொண்ணு கையெழுத்து. பங்குனியிலயும் இவதான் எழுதுனா, ஆடியிலயும் இவதான் எழுதுனா. தப்பா எழுதிட்டு இப்ப வந்து கடையக் கொற சொல்லுது."

கடை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. என் பக்கத்தில், லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் நின்றிருந்தார். வீட்டுக்காரர் சவூதியில் இருப்பதாகக் காலையில் பேசிக்கொண்டிருந்தவர், சாயங்காலம் வரை எடுத்து முடிக்கவில்லை. அவர் முன்னால் ஒரு குவியல் சேலை. அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அல்லாவுக்குப் பொதுவா சொல்லு புள்ள. இதுல எது நெசம்?"

"கருப்பு மையில பங்குனியில எழுதுனது நெசம்மா. செவப்புக் கோடு போட்டதெல்லாம் பொய். இந்தக் கடையில தொங்குற எல்லாச் செவப்புக் கோட்டையும் நான்தான் போட்டேன். இவரு படிச்சாரு, நான் போட்டேன்."

அந்த அம்மாள் தன் முன்னால் இருந்த குவியலை இரண்டு கையாலும் கல்லாப் பக்கம் தள்ளிவிட்டார். அவர் தள்ளியதைப் பார்த்து அடுத்தவர் தள்ளினார். சேலை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்த கைகள் அந்தரத்தில் நின்றன. சீட்டுக் கட்டுகிற அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது. முதலாளி கல்லாவைத் திறந்தார். பில் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். சீக்கிரம் எங்களை வெளியே அனுப்பினால் போதும் என்று ஆகிவிட்டது அவருக்கு.

"நாளையிலேர்ந்து நீ வர வேணாம்" என்று என்னிடம் சொன்னார்.

"நான் காலையிலேயே போயிட்டேன் மொதலாளி. செருப்ப எடுக்கத்தான் வந்தேன்" என்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது எதிர்வீட்டு அத்தை அந்த வசனத்தை நான்கு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார். ஆனால் வீட்டில் சிரிப்பு இல்லை. அக்கா கொடுத்த பணத்தை அம்மா வாங்கி முடிந்துகொண்டாள். என்னிடம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சோறு போடுவாள், தட்டை நகர்த்துவாள், வார்த்தை வராது. எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அக்காவிடம், "அவளச் சொல்லச் சொல்லு" என்பாள். மகளின் கல்யாணச் சேலைக்கு மஞ்சள் வைத்த கையை நான் தடுத்ததை அவளால் விழுங்க முடியவில்லை. வேலையும் போய், அம்மாவின் பேச்சும் போய், ஆடி முழுக்க நான் வெங்காயக் காட்டில் குனிந்து கிடந்தேன். நான் செய்தது சரி என்று மனசு சொல்லும். உடனே, கல்யாணத்தில் ஏதாவது ஒன்று கோணலாக நடந்துவிட்டால் என்று பயம் வரும்.

ஒன்றும் கோணலாக நடக்கவில்லை. ஆவணியில் நல்ல மழைக்கு நடுவே கல்யாணம் நடந்தது. எங்கள் தெருப் பெண்கள் பதினோரு பேரும் பழைய சேலையைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மட்டும் புது அரக்குச் சேலையில், ஓரத்தில் அந்த ஒற்றை மஞ்சள் பொட்டோடு. "மூணு ரூவா கூடப் போட்டு வாங்குன சேல, பாரு, தனியா மின்னுது" என்று எதிர்வீட்டு அத்தை என் இடுப்பில் இடித்தார்.

தாலி கட்டி முடிந்ததும் சீர்ப் பாத்திரங்களைப் பந்தலில் வரிசையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தது பித்தளை அண்டா. அம்மா எப்போது வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. அக்கா மணவறையிலிருந்தே எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சம் தாலி ஏறியபோதுகூட வரவில்லை என்று நான் இன்றைக்கும் அவளைக் கேலி செய்வேன்.

எங்கள் பக்கம் சீர்ப் பாத்திரத்தில் அதைக் கொடுத்தவர் பெயரைப் பாத்திரக்கடைக்காரன் வெட்டித் தருவான். அப்பாவின் பெயர் இருக்கும் என்று நினைத்துத்தான் குனிந்து பார்த்தேன். அண்டாவின் விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது என் பெயர்.

எத்தனை நேரம் குனிந்தபடி நின்றேனோ தெரியவில்லை. பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். நிமிராமலே தெரிந்தது, அம்மா. முந்தானையால் அந்த எழுத்தின் மேல் இருந்த தூசியைத் துடைத்தாள்.

"எழுத்து கோணலாப் போச்சு" என்றாள். ஆடியிலிருந்து அம்மா என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. "ஒங் கையி மாரி அவனுக்கு வரல."